அது யாரு புண்ணு?

மக்களே, நீளமான பதிவு. ஓ.பி. முடிச்சிட்டு உட்கார்ந்து எழுதுறேன். மருந்து மாத்திரை பத்தி இல்ல, இன்னிக்கு போட்டோ பத்தி. பொறுமையா வாசிங்க.

சில மாதங்களுக்கு முன்னாடி ஒரு பாட்டி வந்திருந்தாங்க. எழுபதைத் தாண்டிய வயசு. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். தண்டட்டி போட்டு வளர்த்த காது, இப்போ நகை இல்லாம வெறுமனே தொங்குது. சர்க்கரை நோய். இடது காலில் ஆறாத புண்.

மதுரையில இருக்கிற அறுவை சிகிச்சை நண்பர்கிட்ட கருத்து கேட்கலாம்னு போனை எடுத்துப் புண்ணுக்கு நேரா நீட்டினேன். பாட்டி சட்டுனு முந்தானையை இழுத்து முகத்தை மூடிட்டாங்க.

"மூஞ்சி விழுகாது பாட்டி. புண்ணு மட்டுந்தான்"னு சொன்னேன்.

முந்தானைக்குள்ள இருந்தே கேட்டாங்க: "அப்ப அது யாரு புண்ணுன்னு அவுகளுக்கு எப்புடித் தெரியும் சாமி?"

என்கிட்ட பதில் இல்ல. படம் எடுத்தேன், அனுப்பினேன், சிகிச்சை நடந்தது. கேள்வி மட்டும் போகல. அதுக்குப் பதில் தேடிப் படிச்சப்போ தெரிஞ்சுகிட்டதைத்தான் எழுதுறேன். என் தொழிலுக்கும் கேமராவுக்கும் இருக்கிற உறவு நான் நெனச்சதை விடப் பழசு.

இந்தியாவில் ஆரம்பகாலத்தில் கேமரா பிடித்தவர்களில் ஒருவர் ஜான் மெக்காஷ். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சர்ஜன். 1848-49 சீக்கியப் போரின்போது படங்கள் எடுத்தவர். 1856-ல் வந்த தன் புத்தகத்தில், இந்தியாவுக்கு வருகிற உதவி சர்ஜன்கள் எல்லாரும் புகைப்படக் கலையை முழுசாக் கத்துக்கணும்னு எழுதி வச்சார். ஸ்டெத்தஸ்கோப்போட சேர்த்து கேமராவும்னு வச்சுக்கோங்க.

நம்ம சென்னையிலயும் அதே கதைதான். அலெக்சாண்டர் ஹன்ட்டர்னு ஒரு மருத்துவர். 1850-ல் சொந்தச் செலவில் ஒரு ஓவியப் பள்ளி ஆரம்பிச்சார். அப்புறம் அதை அரசு எடுத்துக்கிச்சு. ஹன்ட்டர் அங்கே போட்டோகிராபியும் சொல்லிக் கொடுத்தார். 1856-ல் தொடங்கின மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டிக்கும் அவர்தான் முக்கியமான ஆள். அந்தப் பள்ளிதான் இன்னைக்கு அரசு கவின் கலைக் கல்லூரி. தமிழ்நாட்டு ஓவியர்களில் பாதிப் பேருக்குத் தாய்வீடு. அதை ஆரம்பிச்சது ஒரு டாக்டர்னு எனக்கே நாற்பது வயசுக்கு மேலதான் தெரியும்! இந்தக் கல்லூரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

மதுரைக்குப் பெரிய கேமரா வந்தது 1858-ல். கொண்டு வந்தவர் லின்னேயஸ் ட்ரைப், ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசின் அதிகாரப்பூர்வ புகைப்படக்காரர். மீனாட்சியம்மன் கோவில், இடிஞ்சு கிடந்த திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம்னு எடுத்தார். கண்ணாடித் தகடு கூட இல்ல, மெழுகு ஏத்தின காகித நெகட்டிவ். அந்தப் படங்களைப் பார்த்தா மதுரைக்காரங்களுக்கு ஒரு திகைப்பு வரும். ஊர் காலியா இருக்கும். கோவில் வாசலில் கூட்டம் இல்லாத மதுரையை நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா? காரணம் எளிமையானது. ஒரு படம் பதிய அப்போ ரொம்ப நேரம் ஆகும். நடந்து போறவன் பதியவே மாட்டான், கல்லு மட்டும் பதியும். அடுத்த வருஷமே ஆளுநரா வந்த ட்ரெவெல்யன், செலவு ஜாஸ்தின்னு அந்த வேலையையே நிறுத்திட்டார்.

முதல்ல கல்லு. அடுத்து ஆளு. அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

எட்கர் தர்ஸ்டன் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. லண்டனில் மருத்துவம் படிச்சவர். 1885-லிருந்து 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் உடற்கூறியலும் எடுத்திருக்கார். ஊர் ஊராப் போய், மியூசியத்துக்கு வந்தவங்களையும் விடாம, மண்டை அகலம், மூக்கு நீளம்னு அளந்தார், படம் சேர்த்தார். 1909-ல் அவருடைய பெயரில், கே. ரங்காச்சாரியின் உதவியோட, தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் வந்துச்சு. இன்னைக்கும் ஆராய்ச்சிக்கு எடுத்துப் பார்க்கிறாங்க, தகவல் அவ்வளவு இருக்கு. ஆனா அந்தப் படங்களுக்குக் கீழே பாருங்க. பெரும்பாலும் சாதிப் பேர் இருக்கும், ஆளோட பேர் இருக்காது.

பாட்டி கேட்ட கேள்வி இங்கேயே இருக்கு பாருங்க. எங்க படிப்பைப் படிச்ச ஒருத்தர், நாங்க புண்ணைப் படம் எடுக்கிற அதே மாதிரி மனுஷங்களை எடுத்து வச்சிருக்கார். மாதிரி இருந்தாப் போதும், யாருன்னு தெரிய வேண்டாம்.

இந்த அளந்து, பதிஞ்சு, அடையாளம் வைக்கிற பழக்கம் அருங்காட்சியகத்தோட நிக்கல. குற்றப் பரம்பரைச் சட்டமா நம்ம ஊருக்கு வந்தது. பிறந்த சாதியை வச்சே ஒருத்தனைக் குற்றவாளின்னு பட்டியலில் ஏத்துற சட்டம். பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆம்பளைங்க எல்லாரும் கைரேகை வைக்கணும், ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்கணும். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர் மறுத்துச்சு. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தாங்க. அதில் மாயக்காள் என்கிற பெண்ணும் ஒருத்தர். இன்னைக்கும் அங்கே நினைவுத்தூண் இருக்கு, வருஷா வருஷம் அஞ்சலி நடக்குது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிஞ்சது 1947-ல்.

அப்புறம் 1986. இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுது.

அந்த வருஷம் ஜூன் மாதம் 'இந்தியா டுடே' பெண் சிசுக்கொலை பத்தி ஒரு அட்டைக் கட்டுரை போட்டது. களம் உசிலம்பட்டி வட்டாரம். நடந்தது உண்மை. மருத்துவனா இதில் பூசி மெழுக எனக்கு ஒண்ணும் இல்ல. கள்ளிப்பாலும் நெல்லுமணியும் கட்டுக்கதை கிடையாது. அதை வெளியே கொண்டு வந்தவங்க செய்தது தேவையான வேலை. பின்னாடி 1994-ல் கருவில் பாலினம் கண்டறியத் தடைச் சட்டம் வந்தது, அதே வருஷம் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது.

ஆனா அதுக்கப்புறம் உசிலம்பட்டின்னாலே ஒரே படம்தான்னு ஆகிப் போச்சு. தொட்டில், அழுற தாய், சுருக்கம் விழுந்த கிழவி. ஊரோட பேரு ஒரு நோயோட பேரா மாறிடுச்சு. சிசுக்கொலை சேலத்துலயும் தர்மபுரியிலயும் இருந்தது. கருவிலேயே அழிக்கிறது பணக்கார டெல்லியில ஸ்கேன் சென்டர் வழியா நடந்துச்சு. முத்திரை மட்டும் இங்கே. அந்த வருஷம் பிறந்த பொம்பளைப் பிள்ளைங்க இப்போ நாற்பதைத் தொடுறாங்க. என்கிட்டத் தைராய்டுக்கும் பிரஷருக்கும் வர்றாங்க. அதில் ஒருத்தர், நர்சிங் படிச்சவர், ஹாஸ்டலில் ஊர் எதுன்னு கேட்டா "மதுரை"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்குவேன்னு சொன்னார்.

சரி, இப்போ தலைப்புக்கு வரேன். இந்தக் கதை எங்கே திரும்புதுன்னா, இதே மதுரைச் சீமையில் பிறந்த பிள்ளைங்க கையில கேமரா வந்தப்போ.

(இளம் புகைப்படக்காரர்கள்னு சொல்லும்போது நாற்பது தாண்டினவங்களையும் சேர்த்துக்கிறேன். நம்ம கட்சிகளோட இளைஞரணியை விட இது பரவாயில்ல.)

உசிலம்பட்டியிலிருந்து வடகிழக்கே மலைக்கு அந்தப்பக்கம் வாடிப்பட்டி. அந்த ஊர்க்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன். தலித் குடும்பம். போட்டோகிராபி தானாக் கத்துக்கிட்டவர். அவருடைய பாட்டி பொன்னுத்தாய் அந்த ஊரில் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு நடத்தினவர். சாதியிலிருந்து வெளியே வரப் படிப்புதான் வழின்னு நம்பினவர்.

கூவாகம் திருவிழாவை எத்தனை ஆயிரம் பேர் படம் எடுத்திருப்பாங்க? எல்லாத்துலயும் ஒண்ணுதான் இருக்கும். தாலி கட்டுறது, அறுக்குறது, ஒப்பாரி. ஜெய்சிங் லாட்ஜ் அறைக்குள்ள போனார். திருவிழாவுக்கு வந்து தங்குற திருநங்கைகள், அந்த நாலு சுவருக்குள்ள, தங்களுக்குப் பிடிச்ச மாதிரி உடுத்தி, தங்களுக்குப் பிடிச்ச மாதிரி கேமராவைப் பார்க்குறாங்க. அந்தத் தொடருக்குப் பேரே 'தி லாட்ஜ்'.

2020 ஊரடங்கில் வாடிப்பட்டி வீட்டுக்குத் திரும்பி வந்து, தன் குடும்பத்தையே எடுத்தார். 'ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்' - மீன் மாதிரி இருக்கேன், தொட்டிக்குள்ள மாட்டின மீன். வீட்டை விட்டு வெளியே வராதே, யாரையும் தொடாதே, தள்ளி நில்லு. நமக்கெல்லாம் இது புதுசா இருந்துச்சு. நான் தினம் நூறு பேர்கிட்ட இதைச் சொன்னேன், "சமூக இடைவெளி"ன்னு. தலைமுறை தலைமுறையா ஊருக்கு வெளியே தள்ளி நிறுத்தப்பட்ட ஒரு குடும்பத்துக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்? அதைத்தான் அந்தப் படங்கள் பேசுது. அன்னைக்கு அந்த வார்த்தையை எத்தனை சுலபமாச் சொன்னேன்னு இப்போ நெனச்சா ஒரு மாதிரியா இருக்கு.

அடுத்தவர் எம். பழனி குமார். மதுரை ஜவஹர்லால்புரத்தில் வளர்ந்தவர். அம்மா மீன் வித்துப் பிள்ளைகளை ஆளாக்கினவர். கேமராவே கடனில் வாங்கினது. திவ்யபாரதி இயக்கின 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு (2017) ஒளிப்பதிவு இவர்தான். இப்போ 'பாரி' எனப்படும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகத்தில் புகைப்படக்காரர்.

மலக்குழி மரணம் பத்தி மருத்துவனா ஒண்ணு சொல்லணும். உள்ளே இருக்கிறது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அதிகமானா, நுகரும் நரம்பையே மரத்துப் போக வச்சிடும், நாத்தமே தெரியாது. "வாடை இல்லையே"ன்னு இறங்குறவர் சில மூச்சுலயே மயங்கி விழுவார். தூக்கப் போறவரும் விழுவார். ஒரே குழியில் ரெண்டு மூணு பேர் சாகிறது இதனாலதான். 2013-லயே தடைச் சட்டம் வந்தாச்சு. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம்னு உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சம் ஆக்குச்சு. சாவு நிக்கல.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் நாங்க மூச்சுத்திணறல்னு எழுதுவோம். மருத்துவ ரீதியா அது சரி. அந்தத் தாளில் செத்தவரோட பொண்டாட்டிக்கு இடம் கிடையாது, ஸ்கூல் யூனிபார்மோட வாசல்ல நிக்கிற பிள்ளைக்கு இடம் கிடையாது. பழனி எடுத்தது அவங்களை. குழிக்குள்ள எட்டிப் பார்க்கிறதோட நிக்காம, செத்தவங்க வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். அந்தப் படங்களுக்குக் கீழே ஆளோட பேர் இருக்கும், ஊர் இருக்கும், என்ன நடந்துச்சுன்னு இருக்கும். தர்ஸ்டன் தொகுதியையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, புரியும்.

"சரி டாக்டர், இது செய்திப் படம். இதுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?"னு கேப்பீங்க. நானும் கேட்டேன்.

ரொம்ப நாளா கலை உலகத்தில் ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஏழை படத்துக்குள்ள இருப்பான். எடுத்தவர் பேரு சுவத்துல இருக்கும். பார்க்கிறவங்க ஏசி ஹாலில் இருப்பாங்க. அமெரிக்காவில் 1936-ல் டாரதியா லேஞ்ச் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' உலகப் புகழ் பெற்ற படம். அதில் இருக்கிற பெண்ணோட பேரு ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது 1978-ல்! லேஞ்ச் பேர் கேக்கவே இல்ல. நாற்பது வருஷத்துக்கு மேல, யாரு புண்ணுன்னு தெரியாமலேயே உலகம் அழுதிருக்கு.

இந்த ஏற்பாட்டை நம்ம நாட்டுக் கலைஞர்கள் சிலர் முன்னாடியே அசைச்சாங்க. பெங்களூரு புஷ்பமாலா, 2000-க்குப் பிறகு கிளேர் ஆர்னியோட சேர்ந்து 'நேட்டிவ் விமென் ஆஃப் சவுத் இந்தியா'னு ஒரு தொடர் செய்தார். கட்டம் போட்ட திரைக்கு முன்னாடி பழங்குடிப் பெண்ணை நிறுத்தி அளக்கிற அந்தப் பழைய படங்களை, தானே வேஷம் போட்டு நின்னு, கேலியும் கோபமுமா மறுபடி எடுத்தார். 2019-ல் சென்னை போட்டோ பினாலேவைத் தொகுத்தவர் அவர்தான். அதில் ஒரு காட்சிக்கூடம் எது தெரியுமா? டாக்டர் ஹன்ட்டர் ஆரம்பிச்ச அதே கவின் கலைக் கல்லூரி. சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நின்னுச்சு!

தயானிதா சிங் இன்னொரு வழியில் போனார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேக்கிற 'இந்தியாவை' எடுத்து அலுத்துப் போனவர். மோனா அகமதுங்கிற தன் தோழியைப் பல வருஷம் எடுத்து 2001-ல் புத்தகமாப் போட்டப்போ, அதில் எழுத்து மோனாவோடது. உலகத்தின் பெரிய புகைப்பட விருதான ஹேசல்பிளாட் 2022-ல் தயானிதாவுக்குக் கிடைச்சது. அந்தப் பணத்திலிருந்து 'பாரி'யோட சேர்ந்து ஒரு விருதை ஏற்படுத்தினார். முதல் விருது போனது பழனி குமாருக்கு. மீன்காரம்மா வீட்டுக் கடன் கேமராவுக்கு.

என் கணிப்பைச் சொல்றேன், மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க. புஷ்பமாலா பழைய பார்வையைக் கேள்வி கேட்டார். மதுரைப் பக்கத்துப் பையன்கள் அந்தப் பார்வை எங்கே நின்னு பார்க்குதுங்கிறதையே மாத்திட்டாங்க. குடும்ப ஆல்பம் காட்சிக்கூடத்துக்குப் போகுது. படத்துக்குக் கீழ இருக்கிற குறிப்பும் படத்துக்குச் சமமான கனம் ஆகுது. பழனி வடசென்னையிலயும் நாகப்பட்டினத்துலயும் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கையில கேமராவைக் கொடுத்துச் சொல்லித் தர்றார். அந்தப் பிள்ளைங்க எடுத்த படங்கள் கண்காட்சியா வருது. படம் எடுத்தவரும் படத்தில் இருக்கிறவரும் ஒரே தெருவாயிட்டா, பார்க்க வர்ற நம்ம நிலைமைதான் சங்கடம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். உள்ளூர்க்காரன் கையில கேமரா இருந்தாலே எல்லாம் சரியாயிடும்னு நான் நம்பல. 'உள்ளூர்'னு ஒண்ணு கிடையாது. இதே உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தலித்துகளுக்கு ஒதுக்கின ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996-லிருந்து பத்து வருஷம் முறையாத் தேர்தல் நடத்த விடல. 2006-லதான் நடந்துச்சு. கைரேகைச் சட்டத்தில் அடிபட்ட அதே மண்ணுதான் இதையும் செஞ்சது. ஊரைப் பத்தின படம்னா ஊருக்குள்ள எந்தத் தெருவில் நின்னு எடுத்ததுன்னு கேக்கணும்.

இன்னொண்ணு. இப்போ மதுரையில் ஞாயித்துக்கிழமை காலையில கழுத்துல கேமராவோட நிறைய தம்பிங்க. சந்தோஷம். ஆனா இன்ஸ்டாகிராமைத் திறந்தா, சுருக்கம் விழுந்த பாட்டி முகம், கறுப்பு வெள்ளை, வளர்த்த காது, கீழே ஒரு கவிதை வரி. பாட்டி பேரு? தம்பி, அது தர்ஸ்டன் எடுத்த படம். உன் கேமரா மட்டும்தான் புதுசு. அதை விட நம்ம காதுகுத்து பிளக்ஸ் எவ்வளவோ மேல். அதில் மாமன் பேரு, மச்சான் பேரு, குலசாமி பேரு முதற்கொண்டு எல்லாம் இருக்கும். கொஞ்சம் ஓவராவே இருக்கும்.

பாட்டி கதையை முடிச்சிடுறேன். அவங்க மறுபடி கட்டு மாத்த வந்தப்போ, கேட்டுட்டு எடுக்கலாம்னு கேட்டேன். "எடு, ஆனா நான் உக்காந்திருக்கிற மாதிரி எடு"ன்னாங்க. முந்தானையைச் சரி பண்ணி, பேரனைப் பக்கத்துல நிறுத்தி, காலை நீட்டிக் காட்டிக்கிட்டு நேரா போனைப் பார்த்தாங்க. நண்பருக்குப் போன படத்தில் புண்ணும் இருந்துச்சு, ஆளும் இருந்தாங்க. அனுப்பலாமான்னு கேட்டுட்டுத்தான் அனுப்பினேன். நண்பர் முதல் தடவையா "அம்மாவுக்கு வீட்டுல யாரு கட்டு மாத்துறாங்க?"ன்னு கேட்டார். முந்தின படத்துக்கு அவர் அனுப்பின பதில் ஒரு ஆன்டிபயாடிக் பேர் மட்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துட்டு, "காலு தெரியாம ஒண்ணு எடுத்திருக்கலாம்ல"ன்னு ஒரு திட்டு. அதுவும் எடுத்தாச்சு.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வீட்டு டிரங்குப் பெட்டியில், பூஜை அறை சுவத்துல, ஸ்டுடியோவில் எடுத்த பழைய படங்கள் இருக்கும். அதில் இருக்கிறவங்களை அடையாளம் தெரிஞ்ச கடைசி ஆள் இப்போ உங்க வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை அவங்ககிட்டக் கேட்டு, படத்துக்குப் பின்னாடி பென்சிலால் பேரும் வருஷமும் எழுதி வைங்க. பேனா வேணாம், மை ஊறி முன்பக்கம் தெரிஞ்சிடும்.

நாளைக்கு வழக்கம்போல சர்க்கரை நோயாளிகளுக்கான கால் பராமரிப்பு பத்தி எழுதுறேன்.